பின்னிருக்கைப் பள்ளம்

பழைய வண்டியைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் கையைச் சுட்டுக்கொள்வான் என்பது கார்ப் பட்டறை மேஸ்திரியின் கட்சி. வண்டியைக் காதால் பார்க்க வேண்டும். கதவைச் சாத்தும்போது என்ன சத்தம் வருகிறது, விரல் முட்டியால் தகட்டைத் தட்டினால் எங்கே கணீர் என்கிறது, எங்கே பூசணிக்காயைத் தட்டினதுபோல அமுங்குகிறது, அதில்தான் விஷயமே இருக்கிறது. "நசுங்கின எடத்துல பட்டி வச்சுப் பூசினவன் தகடு ஊமைன்னு நெனச்சுக்குவான். தட்டினா அது எல்லாத்தையும் உளறிடும்" என்பார்.

அவர் மனைவிக்குக் கைதான் கண், காது எல்லாம். அவள் வண்டிகளுக்கு இருக்கை தைக்கிறவள். பட்டறைத் தெருவில் எல்லாருக்கும் அவள் சீட்டக்கா. வெல்டிங் கடைக் கிழவருக்கு அவளுடைய அப்பா வயது. அவரும் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார். ஓர் இருக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினால் போதும், அதில் உட்கார்ந்தவர் எந்தப் பக்கம் பர்ஸ் வைக்கிறவர், எந்த முழங்காலில் வலி என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை வாடகைக் கார்க்காரர் ஒருவரிடம், "உங்க வீட்டம்மா முன்சீட்ல உக்காந்து ரொம்ப நாளாச்சு போல" என்று வாய் தவறிச் சொல்லிவைத்தாள். அந்த மனிதர் அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

பெரிய வீட்டிலிருந்து மேஸ்திரிக்கு ஆள் வந்தது மழைக்காலத்தின் நடுவில். காருக்காக இல்லை, ஜெனரேட்டர் ஓடவில்லை என்று. போனார், சரிசெய்தார், கை கழுவ வீட்டின் பின்பக்கம் போன இடத்தில் கொட்டகையைப் பார்த்துவிட்டார். அன்று மத்தியானம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்று கேட்டாள் அவருடைய அக்கா. கணவன் போனபிறகு தம்பியோடு வந்து இருப்பவள். சமையல் அவள் பொறுப்பு. முழங்கால் வலியும் அவள் பொறுப்புத்தான். அதைப் பற்றி வேறு யாரும் பேசக் கூடாது.

"அக்கா, அந்த மாதிரி வண்டிய நான் படத்துலதான் பார்த்திருக்கேன். மொத்த பாடியும் கையால அடிச்சுச் செஞ்சது. ஓட்டுறவனுக்கும் பின்னால உக்கார்றவங்களுக்கும் நடுவுல கண்ணாடித் தடுப்பு. சன்னலுக்கெல்லாம் பட்டுத் திரை. தூசிதான் மூடியிருக்கு, துரு ஏறல. அந்தம்மா விக்கிறேங்குது."

"எவ்வளவுக்காம்?"

அவர் சொன்னார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த விலைக்கு நாலு சக்கரம்கூட வராதேடா."

"அதான் சொல்றேன்."

"கூடச் சொன்னா பேரம் பேசலாம்" என்றாள் சீட்டக்கா. "குறைச்சுச் சொன்னா பயப்படணும்."

"உனக்கு எதுலதான் பயம் இல்ல? நாளைக்கு நீயும் வா. வந்து சீட்டைப் பாரு. சீட்டு அசல்னு நீ சொன்னா வாங்கலாம். இல்லேன்னா விட்டுடலாம்."

வாங்க வேண்டுமென்றால் பணத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. பட்டறைக்குப் பின்னால் அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவில் கொஞ்சம் நிலம் கிடந்தது. அவர்கள் மூன்று பேரும் குடியிருந்தது பட்டறையின் மேல்தளத்தில், மரப்படி ஏறிப் போகிற இரண்டு அறைகளில். சோற்றில்கூட பெட்ரோல் வாசனை அடிக்கும். அந்த நிலத்தில் ஒரு வீடு கட்டி, சமையலறைக்குக் கிழக்கே சன்னல் வைக்க வேண்டும் என்று சீட்டக்கா வருஷக்கணக்காக மனசுக்குள் சுவர் எழுப்பி வைத்திருந்தாள்.

மறுநாள் தூறலில் போனார்கள். கொட்டகையின் கதவைத் திறந்துவிட்டு, பெரிய வீட்டு மருமகள் குடையோடு வெளியிலேயே நின்றுகொண்டாள். நாற்பது வயதிருக்கும். நல்ல முகம், ஆனால் தூக்கம் கெட்ட முகம்.

"உள்ள வாங்களேன், நனையிறீங்க" என்றாள் சீட்டக்கா.

"பரவால்ல. நீங்க பாருங்க."

மேஸ்திரி வேலையில் இறங்கினார். பட்டி பூசின இடத்தில் நழுவுகிறதா என்று, துணியில் சுற்றின காந்தத்தைக் கதவு ஓரங்களில் ஓட்டிப் பார்த்தார். இன்ஜினில் வெட்டியிருந்த எண்ணும் சட்டத்தில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று விளக்குப் பிடித்துப் படித்தார். பின்கதவைத் திறந்து சாத்தினார். கனமான புத்தகத்தை மூடினால் வருமே, அப்படி ஒரு சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை சாத்தினார்.

சீட்டக்கா பின்னிருக்கையின் மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைப் பார்த்தாள். தோல் விளிம்பில் அடித்திருந்த ஆணிகள் ஒரே வரிசை. ஒருதரம் பிரித்துத் திரும்ப அடித்திருந்தால் பழைய ஓட்டைகள் பக்கத்தில் தெரியும். ஒன்றுகூட இல்லை. உள்ளே திணித்திருந்தது சுருட்டின குதிரை முடி. அவள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் யாரோ பொறுமைசாலி ஒருவர் திணித்தது.

மெத்தையைத் திரும்ப வைத்து உள்ளங்கையால் தடவினாள். வலது பாதி, கடையில் வைத்ததுபோல உப்பி இருந்தது. இடது பாதியில் பள்ளம். ஒரே ஆள், நெடுங்காலம் உட்கார்ந்த பள்ளம். வலப்பக்கம் சாய்ந்து, இடது காலை விறைப்பாக முன்னால் நீட்டி. இவ்வளவு ஆழமாகத் தேயவேண்டுமென்றால் அந்த ஆள் பயணம் போயிருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. குடியிருந்திருக்க வேண்டும்.

"என்ன சொல்றே?" என்று மேஸ்திரி கிசுகிசுத்தார்.

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "யாரும் பிரிச்சதில்லைங்க. செஞ்சவன் கை பட்டதோட சரி."

வெளியே வரும்போது வீட்டின் கீழ்த்தளச் சன்னலில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டகையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். தலையசைத்தாள். அவர் அசையவில்லை.

"என் வீட்டுக்காரர்" என்றாள் மருமகள். "உடம்பு சரியில்ல. வண்டிய இந்த வாரத்துக்குள்ள எடுத்துடுவீங்கல்ல?"

அந்த வாரமே நிலம் கைமாறியது. டயர்க் கடைக்காரர் வாங்கினார். வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டு, பட்டறைத் தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, உள்ளே வந்து நின்றது. தூசி துடைத்ததும் கரும்பச்சை நிறம் தெரிந்தது, ஆழமான கிணற்றுத் தண்ணீர் போல. வெல்டிங் கிழவர் வண்டியைச் சுற்றி வந்து, "மேஸ்திரி, இதுக்குள்ள எங்க வீடே அடங்கிடும், என் சம்சாரத்தோட வாயைத் தவிர" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

செய்தி பரவி, ஊருக்கு வெளியே பெரிய கிடங்கில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திவைத்திருக்கும் பணக்காரர் வந்துவிட்டார். தெருவில் எல்லாருக்கும் அவர் முகத்துக்கு நேரே சார். முதுகுக்குப் பின்னால் மியூசியம். நல்ல மனிதர்தான். வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

"மேஸ்திரி, பெயின்ட்ல கை வைக்காதீங்க. கீறல் இருந்தா இருக்கட்டும். பழைய வண்டியப் புதுசாக்குறவன் அதைக் கொன்னுடறான். இன்ஜினை மட்டும் ஓட வையுங்க." இடது பக்கத்துப் பின்னிருக்கையில் உட்கார்ந்தார். பள்ளம் அவரை வாங்கிக்கொண்டது. "இது இருக்கு பாருங்க. ஒரு மனுஷன் இங்கே வாழ்ந்திருக்கான். இதை யாராலயும் செய்ய முடியாது. நான் காசு குடுக்கறது இதுக்குத்தான்."

அவர் சொன்ன விலைக்கு, போன நிலத்தைப்போல இன்னும் எத்தனையோ வாங்கலாம். மேஸ்திரி விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். சீட்டக்கா பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. பேசிக்கொண்டிருக்கும்போதே மியூசியம் வலப்பக்கம் சாய்ந்தார். இடது கால் தானாக முன்னால் நீண்டது.

இன்ஜின் வேலை இழுத்தது. உதிரி கிடைக்காத வண்டி. ஒவ்வொரு வளையத்தையும் கடைசல்காரரிடம் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது. மழையும் விடவில்லை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் எல்லாரும் உரக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது. சாப்பிட்டபின் மேஸ்திரி சற்று நேரம் பின்னிருக்கையில் கண்ணயர ஆரம்பித்தார். முதலில் அதைக் கேலி பண்ணியது அக்காதான். "பாரு, மகாராஜா பள்ளியறைக்குப் போறாரு."

பிறகு அந்தச் சற்று நேரம் நீண்டது. மாலையில் கூப்பிட்டால், வருகிறேன் என்பார், வரமாட்டார். இறங்கி நடந்தால் இடது காலை இழுத்து நடந்தார்.

"மழைக்கு மூட்டு பிடிச்சிருக்கு" என்றார்.

"மூட்டு என் வியாபாரம்டா, அதுல ஏன் போட்டி?" என்றாள் அக்கா. தைலம் தேய்த்துவிட்டாள். டாக்டரிடம் போனார்கள், அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்.

சீட்டக்கா தினமும் காலையில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த மெத்தையைத் தட்டி உயர்த்திவைப்பாள். குதிரை முடி உயிருள்ள சரக்கு. ஒரு ராத்திரி சும்மா விட்டால் கொஞ்சமாவது எழும்ப வேண்டும். இது எழும்பவில்லை. ஒரு காலை, கணவர் இன்னும் மேலே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, இவள் கீழே வந்து மெத்தையில் கை வைத்தாள். வண்டிக்குள் ஈரக் குளிர். வலது பாதி சில்லென்று இருந்தது. இடது பாதி, இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி, வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே சூடு. வேலை செய்கிற கை. அது பொய் சொல்லாது.

அதற்கு மறுநாளிலிருந்து மேஸ்திரி சாப்பாட்டை வண்டிக்கே கேட்டார்.

"மேல வந்து சாப்பிடுங்க" என்றாள்.

"மேல காத்தே இல்ல. இங்கயே குடு."

"வண்டியில சிந்தினா விலை போயிடும்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் இருக்கை காலி. விரல் முட்டியால் கண்ணாடியை மெதுவாகத் தட்டினார், கொஞ்சம் பொறுத்து மறுபடி. அது மேஸ்திரி தகட்டைத் தட்டிக் கேட்கிற தட்டு இல்லை. வண்டியை எடு என்று ஓட்டுநருக்குச் சொல்கிற தட்டு. அவள் கையிலிருந்த சோற்றுத் தட்டோடு நின்றாள். வண்டியில் ஏறித் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டியிருந்தது. வலது கை மட்டும்தான் அவருக்கு ஒழுங்காக எழும்பியது.

அன்று மதியமே குடையை எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனாள். மருமகள் கதவைத் திறந்து, இவள் முகத்தைப் பார்த்ததும், யாரோ இழுத்து நிறுத்தினதுபோல அசையாமல் நின்றாள். பிறகு சமையலறைக்கு அழைத்துப் போய் நாற்காலி போட்டாள். அடுப்பில் கீரை வெந்துகொண்டிருந்தது.

"விலையக் குறைச்சுச் சொன்னப்பவே, ஏன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"இப்ப கேக்கறேன். அந்த எடத்துல உக்காந்தது யாரு?"

"எங்க மாமனார்." கரண்டியால் கீரையைக் கிளறினாள். "நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, வாதத்துல ஒரு பக்கம் விழுந்துபோயி ஆஸ்பத்திரியில கிடந்தாரு. அந்த வண்டியிலதான் கூட்டிட்டு வந்தாங்க. வாசல்ல வந்து நின்னதும் எறங்கமாட்டேன்னுட்டாரு. வீட்டுக்குள்ள போனா செத்துடுவேன்னாரு. சரி, ஒரு நாள் பிடிவாதம், தணிஞ்சுடும்னு விட்டாங்க. தணியல. கொட்டகையிலயே வண்டி, வண்டியிலயே அவரு. சாப்பாடு, குளிப்பாட்டுறது, முகம் வழிக்கிறது எல்லாம் அங்கதான். வருஷம் ஓடிப்போச்சு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஆசீர்வாதம் வாங்கினதே கார் கதவைத் தொறந்துதான்."

"அப்புறம்?"

"வீட்ல ஒரு விசேஷம். சொந்தக்காரங்க வர்றாங்க. அப்பன் காருக்குள்ள கிடக்கிறான்னு பேசுவாங்களேன்னு என் வீட்டுக்காரருக்கு அவமானம். ஆளுங்களக் கூட்டிட்டுப் போயி தூக்கிட்டு வந்துட்டாரு. மனுஷன் கத்தினாரு பாருங்க. தூக்காதீங்க, தூக்காதீங்கன்னு. உள்ள கட்டில்ல கிடத்தினோம். அன்னைக்குச் சாயங்காலமே போயிட்டாரு."

கீரை அடிபிடிக்கிற வாசனை வந்தது. அவள் கவனிக்கவில்லை.

"காரியமெல்லாம் முடிஞ்சு, என் வீட்டுக்காரர் போயி அதுல உக்கார ஆரம்பிச்சாரு. அப்பா ஞாபகம்னு நெனச்சேன். அப்புறம் காலை இழுத்தாரு. அப்புறம் எறங்கல. கெஞ்சிக் கூத்தாடித்தான் எறக்கி, உள்ள சன்னலோரம் உக்கார வச்சேன். வண்டி போனா சரியாயிடும்னுதான் வித்தேன். உங்கள ஏமாத்திட்டேன்னு தோணும். எனக்கு அப்ப வேற ஒண்ணும் தோணல."

"சரியாச்சா?"

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு நடந்தாள். இவள் பின்னால் போனாள். சன்னலோரத்தில் அவர் அதே நாற்காலியில் இருந்தார். வலப்பக்கம் சாய்ந்து, இடது காலை நீட்டி. நாற்காலிக்குச் சாய்ந்துகொள்ளக் கைப்பிடிகூட இல்லை. ஒன்றுமில்லாத காற்றில் முழங்கையை ஊன்றியிருந்தார். காலியான கொட்டகையைப் பார்த்துக்கொண்டே, "வண்டிய வாசலுக்குக் கொண்டுவந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"வந்துகிட்டே இருக்கு" என்றாள் மருமகள், வழக்கமாகச் சொல்கிறவள்போல.

திரும்பி வரும் வழியெல்லாம் சீட்டக்காவுக்கு ஒரே நினைப்புத்தான். வண்டியை விற்றால் போய்விடும் என்றுதான் இவளும் அதுவரை நம்பியிருந்தாள். மியூசியம் லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும், பணம் வரட்டும், கணவர் எழுந்துகொள்வார். அது நடக்காது. வண்டி போகும், உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருப்பார். கிடங்கில் இன்னொருவர், செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக ஏறி உட்காருவார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பிரிக்கப்போறேன் அண்ணி."

"பிரிச்சா விலை?"

"போயிடும். அந்தப் பள்ளத்துக்குத்தான் விலை."

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நிலத்துல எனக்கும் பாதி. அதனால எனக்கும் சொல்ல பாத்தியதை இருக்கு. பிரி. ஆனா அவனை எப்படி எறக்குவே? வெல்டிங்காரரைக் கூப்பிடு, ஆளுக்கு ஒரு கை பிடிச்சுத் தூக்கிடலாம்."

"தூக்கக் கூடாது. தூக்கினதுலதான் எல்லாம் வந்துச்சு."

மறுநாள் மழை விட்டிருந்தது. வெளுத்த வெயில் பட்டறை வாசல்வரைக்கும் வந்து நின்றது. சீட்டக்கா வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆணி பிடுங்கியையும் சுத்தியையும் எடுத்துவைத்துவிட்டு, வண்டியின் இரண்டு பின்கதவுகளையும் அகலத் திறந்தாள். வலப்பக்கம் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் வேகமானது.

"தூக்காதீங்க" என்றார். நாக்குக் குழறின, வயசான குரல். "உள்ள தூக்கிட்டுப் போகாதீங்க."

மரப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தூக்கிய கதையை மேஸ்திரியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சீட்டக்கா அவர் பக்கம் திரும்பினாள். என்னங்க என்று கூப்பிட வாயெடுத்தவள், அதை விழுங்கினாள். "ஐயா" என்றாள். "யாரும் தூக்கமாட்டாங்க ஐயா. நான் சீட்டுத் தைக்கிறவ. இந்த மெத்தை அமுங்கிப்போச்சு, பிரிச்சு அடிக்கணும். நீங்களா எறங்கினா வேலை பார்ப்பேன். இல்லேன்னா இப்படியே உக்காந்திருக்கேன். அவசரமில்ல."

தெருவில் யாரோ தகடு அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. நிழல் நகர்ந்தது. அக்கா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். அவர் குடிக்கவில்லை.

"உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாருமில்ல ஐயா. இது வீடு இல்ல, பட்டறை. வெளியில வெயில் அடிக்குது."

"கதவு?"

"ரெண்டு பக்கமும் தொறந்துதான் இருக்கு. நீங்க போற வரைக்கும் யாரும் சாத்தமாட்டாங்க."

நெடுநேரம் கழித்து அவர் வலது காலைக் கீழே வைத்தார். இடது காலை வலது கையால் தூக்கி எடுத்து வெளியே வைத்தார். சீட்டக்கா விரலைக்கூட அசைக்கவில்லை. கதவைப் பிடித்து எழுந்தார். வாசல் வெயிலைக் கண் கூசாமல் பார்த்தார். அதை நோக்கி நடந்தார், ஒரு காலை இழுத்து இழுத்து. வெயிலின் விளிம்பில் நின்றார். அவருக்கு முன்னால் யாரோ போக, அவர் மட்டும் நின்றுவிட்டதுபோல இருந்தது அந்த நிற்றல். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா" என்றார், தன் சொந்தக் குரலில். "எனக்கு ஏன் இப்படிப் பசிக்குது?"

அக்கா அழுதுகொண்டே சோறு போடப் போனாள். சாப்பிட்டுவிட்டு அவர் மேலே போய்ப் படுத்தவர், மறுநாள் மதியம்வரை அசையவில்லை.

சீட்டக்கா ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரிசை மாறாமல் பலகையில் குத்திவைத்தாள். தோலை உரித்து ஓரமாக விரித்தாள். உள்ளே, இடது பாதியின் முடி, ஒரே கட்டியாக இறுகி, ஒரு மனிதனின் தொடையும் இடுப்பும் அச்சடித்ததுபோல இருந்தது. கையால் பிய்க்க வரவில்லை. தொட்டிக்குள் போட்டு வெந்நீர் ஊற்றினாள். எழுந்த ஆவியில் சவர சோப்பும் மருந்தும் கலந்த வாசனை வந்தது. அக்கா, "ஆஸ்பத்திரி வாசனை" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இவள் போகவில்லை. தண்ணீரை மாற்றி மாற்றி அலசினாள். வெயிலில் கோணியை விரித்து, முடியைப் போட்டு, கைப்பிடி கைப்பிடியாக விரலால் கோதிப் பிரித்தாள். நகக்கண்ணெல்லாம் புண்ணாயிற்று. வெந்நீர் பட்டு, காற்றுப் பட்டு, சுருள் மெல்லத் திரும்பியது. சாயங்காலம் பார்த்தால் கோணி முழுக்கக் கருகருவென்று புசுபுசுத்துக் கிடந்தது. காற்றடித்தபோது எல்லாம் ஒருசேர மூச்சு வாங்கிய மாதிரி எழும்பித் தணிந்தது. அவள் ஒரு கணம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அப்புறம், "வேலையைப் பாரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கோதினாள்.

அப்போது போன் அடித்தது. பெரிய வீட்டு மருமகள்.

"இன்னைக்கு என்ன செஞ்சீங்க?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"மெத்தையப் பிரிச்சேன். ஏன்?"

"இவரு எழுந்து நின்னாரு. யாரு நாற்காலிய இங்க போட்டதுன்னு கேட்டாரு. இப்ப பின்னால போயி, கொட்டகையப் பெருக்கிக்கிட்டு இருக்காரு."

மியூசியம் லாரியோடு வந்தபோது இன்ஜின் பூனைபோல உறுமிக்கொண்டிருந்தது. மேஸ்திரி புதுச் சட்டை போட்டிருந்தார். மெத்தையைத் திரும்பத் தைத்தது அவருக்குத் தெரியும். தோலில் அழுக்குத்தான் எடுத்திருக்கிறாள், பள்ளம் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மியூசியம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அசைந்தார். சாய்ந்து பார்த்தார். தொலைத்ததைத் தேடுகிறவர்போல உள்ளங்கையால் தடவினார். இறங்கிவிட்டார்.

"என்னம்மா செஞ்சீங்க?"

"அதே தோல் சார். அதே முடி. ஆணிகூட அதே ஆணி, அதே ஓட்டையில."

"வேலை பிரமாதம். அதுல குறை சொல்லமாட்டேன். ஆனா அந்த ஆள் இல்ல இதுல. போயிட்டான்." அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "நான் சொன்ன விலை இதுக்கு வராது மேஸ்திரி."

போட்ட காசும் உழைத்த கூலியும் வருகிற மாதிரி ஒரு விலை சொன்னார். வேறு வழியில்லை. வண்டி லாரியில் ஏறியது. போகும்போது மியூசியம் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். நேராக நடந்து போய் லாரியில் ஏறிக்கொண்டார். பட்டறைக்குப் பின்னால், டயர்க் கடைக்காரரின் ஆட்கள் கிடங்கு கட்ட அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கினார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"யாரைக் கேட்டுப் பிரிச்சே?"

"அமுங்கியிருந்துச்சு."

"அமுங்கினதுக்குத்தான்டி காசு. அந்த மனுஷன் உன் முன்னாலதான சொன்னாரு? வீடு வேண்டாம்னு நானா சொன்னேன்? கைக்கு வந்த பழத்தைத் தட்டிவிட்டுட்டே. ஒரு கூடை குதிரை மயிருக்கு ஒரு வீடு போச்சு."

"டேய்" என்று அக்கா ஆரம்பித்தாள். "நீ அதுல கிடந்தியே, அது ஒண்ணுமே ஞாபகம் இல்லையா உனக்கு?"

"மழைக்கு மூட்டு பிடிச்சுது, வெயிலுக்கு விட்டுது. அதுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டுக் கதை சொல்லாதீங்க."

அக்கா மேலே சொல்ல வாயெடுத்தாள். சீட்டக்கா கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று. மேஸ்திரி துணியை மூலையில் வீசிவிட்டு மரப்படி ஏறினார். இரண்டு காலும் ஒரே கனத்தில் விழுந்தன. படிகள் அதிர்ந்தன. மேலே கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அங்கேயும் குறுக்கும் நெடுக்குமாக நடை கேட்டது. கூரைப் பலகையிலிருந்து தூசி உதிர்ந்தது.

"சொல்லிடறதுதான? காலத்துக்கும் உன்மேல கறுவிக்கிட்டே இருப்பான்" என்றாள் அக்கா.

சீட்டக்கா நிமிர்ந்து அந்த நடையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கறுவட்டும் அண்ணி. கறுவிக்கிட்டு நடக்கட்டும்."

வெல்டிங் கிழவரின் வேன் சீட்டு ஒன்று நாள்கணக்காக மூலையில் கிடந்தது. அதை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு, கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தாள்.